வேற்று மண்ணில் முதுமை: கொல்லிமலையும் பிரான்ஸும் சொல்லும் கணக்கு

ஒரு நாட்டில் ஆயுள் முழுக்க உழைத்துவிட்டுக் கடைசிக் காலத்தை இன்னொரு நாட்டில் கழிக்க நினைப்பவர் சில கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அங்கே தங்க யார் அனுமதி தருவார்? பணம் எந்த வழியாக வரும்? வரி எங்கே கட்டுவது? உடம்புக்கு முடியாமல் போனால் செலவு யாருடையது? வீடும் நிலமும் வாங்கலாமா? கண் மூடிய பிறகு சொத்து யாருக்குப் போகும்?

பிரான்ஸில் வாழும் ஆங்கிலேயர்கள் ஒன்றரை லட்சம் அளவில் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் சட்டப்படியான விடை உண்டு. இங்கிலாந்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பும் தமிழருக்குப் பாதிக் கேள்விகளுக்கே விடை கிடைக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதில் எது நியாயம், எது அநியாயம், எதை நாமே சரிசெய்துகொள்ளலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் நின்று பார்க்கும் இடம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. நாடு எனப்படும் பதினான்கு பகுதிகளாகப் பிரிந்த அந்த மலையில், அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் வளப்பூர் நாடும் ஒன்று. வாழவந்தி நாடும் ஒன்று. வாழவந்தியில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் நூறாண்டுக்கு முன்பே இந்தக் கேள்விகள் அத்தனையையும் சந்தித்துவிட்டது.

மலையேறிய லண்டன் குடும்பம்

ஜெஸ்ஸி மேன் பிராண்ட் 1907-இல் இந்தியாவுக்கு வந்தார். கட்டட வேலை தெரிந்தவர். புறப்படுமுன் வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் 1879-இல் பிறந்து ஓவியம் படித்தவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த இருவருக்கும் 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. அன்றைக்கே கொட்டும் மழையில் மணப்பெண்ணை டோலியில் வைத்து மலைக்குத் தூக்கிப் போனார்கள். ஜெஸ்ஸி தங்கள் வீட்டைச் சமவெளியில் மரத்தில் பகுதி பகுதியாகச் செய்து, ஆள் தலைச்சுமையாக மேலே ஏற்றிப் பொருத்தியிருந்தார். கரையான் ஏறாமலிருக்க வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினார். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு பேருந்து ஏறும் மலை அன்று வெறும் ஒற்றையடிப் பாதை.

வருமானம் லண்டனிலிருந்து மிஷன் அனுப்பிய படிப்பணம். மருத்துவர் அவர்களே, அவர்களுக்கு வேறு மருத்துவர் இல்லை. மகன் பால் 1914-இல் மலையில் பிறந்தார். அடுத்து மகள் கோனி. பிள்ளைகளுக்குப் பள்ளி வயது வந்தபோது, 1923-இல் இங்கிலாந்துக்குப் போய் அவர்களை லண்டன் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திரும்பினார்கள். 1929 ஜூனில் மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. மகன் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. கப்பலில் வந்த தந்தையின் கடிதங்கள், இறப்புச் செய்தி வந்த பிறகும் பையன் கைக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்த டாக்டர் பால் பிராண்ட்.

கணவர் இறந்தபின் இங்கிலாந்து போன ஈவ்லின் சில ஆண்டுகளில் மறுபடி இந்தியாவுக்கே வந்தார். எழுபது வயதை நெருங்கியபோது மிஷன் அவரை ஓய்வு பெறச் சொன்னது. ஓய்வை ஏற்றுக்கொண்டார், ஊருக்குத் திரும்ப மறுத்தார். மிஷன் பொறுப்பிலிருந்து விலகி, சொந்தப் பொறுப்பில் கல்வராயன் முதலான மலைகளில் மட்டக்குதிரை ஏறிச் சுற்றினார். 1974-இல், 95 வயதில், இறந்தார். உடல் கொல்லிமலையில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய மன உறுதி பெரிது. ஆனால் மன உறுதியை நம்பி எல்லோருடைய முதுமையையும் விட்டுவிட முடியாது. அந்தக் குடும்பத்தைச் சட்டமும் காப்பீடும் ஓய்வூதியமும் எங்கெல்லாம் கைவிட்டனவோ, அங்கெல்லாம் பிரிவும் நோயும் புகுந்தன. அதனால் ஒவ்வொரு கேள்வியாக எடுத்துக்கொள்வோம்.

தங்கும் உரிமை

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது; இடைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தது. அந்தத் தேதிக்குள் பிரான்ஸில் குடியிருந்த ஆங்கிலேயருக்கு விலகல் ஒப்பந்தத்தின்படி தங்கும் உரிமை நிலைத்தது; அதற்கான அட்டையை அவர்கள் 2022 ஜனவரி முதல் கையில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு போகிறவர் நீண்டகால விசா வாங்க வேண்டும், தன்னைத் தானே தாங்கும் வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம். ஒரே கிராமத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு ஆங்கிலேயருக்கு, வந்து சேர்ந்த தேதியை வைத்து உரிமை வேறாகிவிட்டது.

இந்தியாவில் ஓய்வு பெற்றவருக்கென்று தனி விசா கிடையாது. இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற தமிழர் அதை வைத்துக்கொண்டு காலவரையறை இல்லாமல் இங்கே வாழலாம். ஓட்டுரிமையும் அரசுப் பதவிகளும் இல்லை. நிலத்தில் ஒரு தடை உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், விடுதியும் வீடும் 24 மணி நேரத்தில் அவர் விவரத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். கொல்லிமலையில் சுற்றுலா விடுதிகள் பெருகும் இந்தக் காலத்தில், விடுதி நடத்தும் மலைவாசிகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஓய்வூதியம்: பனியில் உறைந்த பணம்

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இது. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் தானமாகத் தரப்படுவதில்லை. வேலை செய்த காலம் முழுவதும் சம்பளத்தில் பிடித்த தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. இன்றைய விதிப்படி முழுத் தொகைக்கு 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். ஏதாவது கிடைக்கவே குறைந்தது 10 ஆண்டு வேண்டும். விலைவாசி, சராசரிச் சம்பளம், இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றில் எது கூடுதலோ அந்த அளவுக்கு ஓய்வூதியம் ஒவ்வோர் ஏப்ரலிலும் உயரும்.

இந்த உயர்வு எல்லோருக்கும் உண்டா என்றால், இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும், பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்ட சில நாடுகளிலும் வாழ்பவருக்கு மட்டும் உண்டு. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் வாழ்பவருக்கு, ஓய்வூதியம் முதலில் எந்தத் தொகையில் தொடங்கியதோ, அல்லது அவர் குடிபெயர்ந்த நாளில் எவ்வளவு இருந்ததோ, அதே தொகை சாகும்வரை. இப்படி உறைந்துபோன ஓய்வூதியம் வாங்குவோர் உலகெங்கும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லெஸ்டர் நகரில் ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவு பங்களிப்புச் செலுத்திய இருவர், 2016 ஏப்ரலில் 65 வயதில் ஓய்வு பெற்றதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பிரான்ஸின் தோர்தோஞ் பகுதிக்குப் போகிறார். மற்றவர் நாமக்கல்லுக்குத் திரும்புகிறார். அன்று இருவருக்கும் வாரம் 155.65 பவுண்டு. 2025-26 நிதியாண்டில் பிரான்ஸ்காரருக்கு 230.25 பவுண்டு; நாமக்கல்காரருக்கு அதே 155.65. வாரத்துக்கு 74.60 பவுண்டு வித்தியாசம். ஆண்டுக்கு 3,879 பவுண்டு. நம் பணத்தில் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். இருவரும் 90 வயது வரை வாழ்ந்தால் இந்த இடைவெளி ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போகும். நாமக்கல்காரர் பிரிட்டனுக்குப் போய்த் தங்கும் நாட்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். விமானம் ஏறித் திரும்பினால் தொகை பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இந்தியாவில் விலைவாசி குறைவு, அதனால் குறைந்த பணம் போதும் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அது நிற்காது. கனடாவில் வாழ்பவருக்கு உயர்வு இல்லை. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் வாழ்பவருக்கு உண்டு. இரண்டு நாட்டு விலைவாசிக்கும் இந்த வேறுபாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது, எதோடு இல்லை என்பது ஒன்றே காரணம்.

இது நீதிமன்றம் ஏறிய விஷயமும்கூட. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் தொடுத்த வழக்கை 2005-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தள்ளியது. ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 மார்ச்சில் 11-க்கு 6 என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. பிரிட்டனில் வாழ்பவரும் வெளிநாட்டில் வாழ்பவரும் ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

அதே 2010, மே மாதம், பாரிஸில் வேறொரு தீர்ப்பு வந்தது. பிரான்ஸும் ஒரு காலத்தில் இப்படி உறைய வைத்த நாடுதான். தன் கொடியின் கீழ் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் ஓய்வூதியத்தை, அவர்கள் நாடுகள் விடுதலை பெற்றதைக் காட்டி, 1959 டிசம்பர் சட்டத்தால் நிறுத்தி வைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம் குடிமக்கள் வழக்கிலிருந்து எழுந்த கேள்விக்குத் தந்த முதல் தீர்ப்பே இதைப் பற்றியது: ஒரே நாட்டில் வாழும் இருவருக்கிடையே, குடியுரிமையை மட்டும் பார்த்து ஓய்வூதியத்தைக் குறைப்பது சமத்துவத்துக்கு முரண். வாழும் இடத்தின் விலைவாசியைக் கணக்கில் எடுப்பதற்கு அந்தத் தீர்ப்பு இடம் விட்டிருந்தது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை. 2011-க்கான நிதிச் சட்டத்திலேயே தொகைகளைச் சமப்படுத்திவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள அந்த ஊர் மக்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. வைத்துக்கொண்ட சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களுக்குப் பாரிஸ் பணம் இன்றைக்கும் வருகிறது. ஊர் தமிழ் ஊர்தான், தெரு தமிழ்த் தெருதான். ஒப்பந்தம் முறையாக எழுதப்பட்டதால் அவர்கள் முதுமை காக்கப்பட்டது. எழுதப்படாததால் பிரிட்டனில் உழைத்த தமிழரின் முதுமை தேய்கிறது.

பணம் வந்து சேரும் வழி

பிரிட்டிஷ் ஓய்வூதியத்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை அல்லது பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்திய வங்கிக் கணக்கிலேயே நேராகப் பெறலாம். பவுண்டு ரூபாய் மாற்றத்தில் ஏற்றமும் இறக்கமும் வாங்குபவர் தலையில்தான் விழும். வெளிநாட்டில் வாழும்போது இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது; அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்ததை என்ஆர்இ கணக்கில் போடலாம். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. நிரந்தரமாகத் திரும்பியதும் நிலைமை மாறும்: வங்கிக்குச் சொல்லி அவற்றை உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். பலர் இந்த ஒரு படியை மறந்துவிட்டுப் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரான்ஸில் இருந்த ஆங்கிலேயர் பலருக்கும் இதே வகைத் தொல்லை வந்தது. சொந்த நாட்டு வங்கிகள் சில அவர்களுடைய கணக்குகளை மூடின.

இன்னொரு சிறிய காகிதம் உண்டு, அதன் பலம் பெரிது. வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியருக்குப் பிரிட்டிஷ் ஓய்வூதியத் துறை அவ்வப்போது வாழ்நாள் சான்றிதழ் படிவத்தைத் தபாலில் அனுப்பும். உயிரோடு இருப்பதை ஒரு சாட்சி கையெழுத்திட்டு உறுதிசெய்து, குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். போகாவிட்டால் பணம் நிற்கும். நகரத்தில் இது எளிய வேலை. மலைக்கு மேல், வீட்டு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத ஊரில் தபால் தாமதமாகும். கையெழுத்துப் போடத் தகுதியான சாட்சியைத் தேடிப் போக வேண்டும். எண்பது வயதுக்காரர் அதற்காகப் பேருந்து ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஆகவே, தபால் தவறாமல் வரும் ஒரு முகவரியையும் நம்பகமான ஒரு சாட்சியையும் திரும்பிய முதல் மாதத்திலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

வரி

பிரான்ஸில் குடியிருப்பவர் அங்கேதான் வரி கட்ட வேண்டும்; பிரிட்டிஷ் அரசுப் பணி ஓய்வூதியம் மட்டும் 2008 உடன்பாட்டின்படி பிரிட்டனில் வரிக்கு உட்படும். இந்தியா பிரிட்டன் இரட்டை வரி உடன்பாடு 1993-இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் குடியிருப்பவராகிவிட்டால் உலக வருமானம் முழுதும் இங்கே வரிக் கணக்கில் வரும். திரும்பி வந்தவுடன் சில ஆண்டுகளுக்கு ஒரு சலுகை உண்டு. முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு குடியிராதவராக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திராவிட்டால், அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சேமிப்புகளை ஒழுங்குபடுத்த இதுவே தக்க சமயம். அந்தக் காலம் முடிந்த பின் வெளிநாட்டுக் கணக்கையும் சொத்தையும் வருமான வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் விட்டால் அபராதம் கடுமையானது.

மருத்துவம்

பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் பிரான்ஸில் குடியேறினால் எஸ்1 என்ற படிவம் கிடைக்கும். அதை அங்கே பதிவு செய்தால் பிரெஞ்சு மருத்துவ அமைப்பில் சேரலாம். செலவைப் பிரிட்டன் ஏற்கும். பிரெக்ஸிட்டுக்குப் பின்னும் இது தொடர்கிறது. இந்தியாவுக்கு வருபவருக்கு இப்படி எதுவும் இல்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை குடியிருப்பைப் பார்ப்பது. நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தால் அந்த உரிமையும் போய்விடும்.

எனவே இங்கே தனியார் மருத்துவக் காப்பீடுதான் வழி. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு நல்ல மாற்றங்களைச் செய்தது: 65 வயதுக்கு மேல் புதிதாகக் காப்பீடு எடுக்க இருந்த தடை நீங்கியது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. அந்த மூன்று ஆண்டை வெளிநாட்டில் இருக்கும்போதே கழித்துவிடலாம்; திரும்புவதற்கு மூன்று ஆண்டு முன்பே இந்தியக் காப்பீட்டை எடுத்துப் புதுப்பித்து வந்தால் போதும். வளப்பூர் நாட்டிலிருந்து பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலையிறங்கித்தான் வர வேண்டும். 2022-இல் அந்தக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் நெஞ்சு வலிக்கும் நேரத்தில் எழுபது வளைவு மிக நீண்ட தூரம். வீடு எங்கே என்று முடிவு செய்யும்போது மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நிலம்: வளப்பூர் நாட்டின் பதில்

ஓய்வு பெற்றதும் மலையில் கொஞ்சம் காடு வாங்கி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி, காப்பியும் பலாவும் வைத்து வாழ வேண்டும் என்ற ஆசை வெளிநாட்டுத் தமிழர் பலருக்கு உண்டு. சட்டம் இதற்கு வழி விடுவதில்லை. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

கொல்லிமலையில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. இங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். அரசு அவர்களுக்கு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலங்களை வெளியாருக்கு விற்கத் தடை இருக்கிறது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைத்து அனுபவிக்கும் ஏற்பாட்டைச் சிலர் யோசனையாகச் சொல்வார்கள். அது சட்டப்படி பினாமி. பழங்குடியினரின் நிலம் கைநழுவும் வழியும் அதுவே. பட்டணத்துப் பணத்துக்கு முன் மலைவாசியின் பேரம் எப்போதும் பலவீனமானது. இந்தத் தடைகள் அவரைக் காக்கவே இருக்கின்றன. வெளிநாட்டுத் தமிழருக்கு மலை மேல் ஆசை இருந்தால் வாடகை வீட்டில் சில மாதம் வாழ்ந்து, மலையாளி விவசாயியிடம் நேராக மிளகும் காப்பியும் வாங்கலாம். இரு தரப்புக்கும் அதில் நன்மை உண்டு.

உயில்

பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கைப் பெற்றோர் பறிக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் முக்கால் பங்கு அவர்களுக்கு ஒதுக்கப்படும். 2015 ஆகஸ்ட் முதல் ஐரோப்பிய விதியின்படி ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 2021-இல் பிரான்ஸ் புதிய சட்டத்தால் பிள்ளைகளுக்கு மறுபடி ஒரு பாதுகாப்பு வைத்தது.

இந்தியாவில் இருக்கும் அசையாச் சொத்து, உரிமையாளர் எங்கே இறந்தாலும் இந்தியச் சட்டப்படியே போகும். வாழ்நாள் வரவுசெலவு இரண்டு நாட்டில் இருந்தால் உயிலும் இரண்டு இருக்கட்டும்; ஒன்று மற்றதை ரத்து செய்யாதபடி எழுதப்படட்டும். இந்தியாவில் 1985-லேயே மரபுரிமை வரி ஒழிந்துவிட்டது. பிரிட்டனில் உண்டு, 2025 ஏப்ரல் முதல் அது நீண்டகாலக் குடியிருப்பைப் பார்க்கிறது. கடந்த இருபது ஆண்டில் பத்து ஆண்டு அங்கே குடியிருந்தவரை, திரும்பி வந்த பிறகும் சில ஆண்டுகள் அந்த வரி தொடரக்கூடும். திரும்பியவுடன் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனி மனிதர் செய்யக்கூடியவை தெளிவானவை. பங்களிப்பு ஆண்டுகளின் பதிவைப் பிரிட்டனிலிருந்து கிளம்புமுன் வாங்கி, இடைவெளி இருந்தால் நிரப்புவது. உறைந்த தொகையை வைத்தே இருபது ஆண்டுச் செலவுக் கணக்குப் போடுவது. மருத்துவக் காப்பீட்டை முன்கூட்டியே எடுப்பது. இரண்டு உயில் எழுதுவது. இவை நான்கும் அறுபது வயதில் எளியவை, எண்பதில் இயலாதவை.

அரசுகள் செய்ய வேண்டியது அதைவிடப் பெரிது. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்கள் மூன்று ஆண்டு வரை இரட்டைப் பங்களிப்புச் செலுத்தாமலிருக்கவும் வழி பேசி முடிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு அது லாபம். ஆயுள் முழுக்கப் பங்களித்துத் திரும்பிய முதியவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பிரான்ஸோடு இந்தியாவுக்கு 2011 ஜூலை முதல் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு நடைமுறையில் இருப்பதால் இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. அடுத்த சுற்றுப் பேச்சில் ஓய்வூதிய உயர்வை இந்தியா முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அந்தக் கோரிக்கைக்குப் பலம் வேண்டுமானால் வீட்டிலும் ஒன்றைத் திருத்த வேண்டும். திருப்பூருக்கும் சேலத்துக்கும் இறங்கிப்போய்ப் பின்னலாடை ஆலையிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் மலை இளைஞருக்கு, வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் இருந்தால், அதுவும் உறைந்த ஓய்வூதியமே. குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயமானது. விலைவாசியோடு அது நகர்வதில்லை. உழைத்த காலத்தில் பிடித்த பணம் உழைத்தவருடையது. அவர் லெஸ்டரிலிருந்து நாமக்கல்லுக்கு வந்தாலும், திருப்பூரிலிருந்து வளப்பூர் நாட்டுக்கு ஏறினாலும், அந்தப் பணம் விலைவாசியோடு சேர்ந்து வளர வேண்டும். பிரான்ஸ் 2010-இல் தன் தவறைத் திருத்திக்கொண்டது. பிரிட்டனும் இந்தியாவும் அதைச் செய்யாமலிருக்கச் செலவு ஒன்றே தடை. அந்தச் செலவை இன்று முதியவர்கள்தான் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.